ஹிட்லரின் தரகர்: வில்ஹெல்ம் கெப்லரின் கதை

(தொழிற்சங்க ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சென்ற வகுப்பில் பாசிசத்தைப் பற்றிப் பேசி முடித்தபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் இளம் தோழர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “ஹிட்லர் ஒரு வெறியன், பைத்தியக்காரன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு பைத்தியக்காரனால் ஆறரைக் கோடி ஜனங்கள் வாழ்ந்த ஒரு நாட்டைப் பிடிக்க முடிந்தது எப்படி?” என்று கேட்டார். நல்ல கேள்வி. நேரமாகிவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறோம்.

ஹிட்லரைப் பற்றிப் பேசி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போவதில்லை. கோயரிங், கோயபல்ஸ், ஹிம்லர் ஆகிய பெயர்கள் உங்களுக்குத் தெரிந்தவை. இன்று உங்களில் அநேகர் கேள்விப்பட்டிராத ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறோம். அவர் மேடையில் முழங்கியவர் அல்ல. ஊர்வலத்தில் முன்னால் நடந்தவரும் அல்ல. நாஜிக் கட்சியின் பொருளாதார ஆலோசகர் என்ற பெயரில் பின்கட்டில் வேலை பார்த்தவர். அவர் பெயர் வில்ஹெல்ம் கெப்லர்.

மாட்டுச் சந்தையில் தரகர் எப்படி வேலை செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். மாடு அவருடையது அல்ல. பணமும் அவருடையது அல்ல. விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் துண்டுக்கு அடியில் பிடித்து, விரலால் பேசி விலையை முடிப்பார். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. 1932-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். துண்டைப் பிடித்தவர்களில் ஒருவர் கெப்லர்.

யார் இந்தக் கெப்லர்?

1882 டிசம்பரில் ஹைடல்பர்க் நகரத்தில் பிறந்தார். இயந்திரத் தொழிலில் பொறியியல் படித்தார். நெக்கார் நதிக்கரையில் எபர்பாக் என்ற சிற்றூரில், புகைப்படச் சுருளுக்குப் பூசுகிற ஜெலட்டின் தயாரிக்கும் தொழிற்சாலையில் பங்காளியாக இருந்தார். அமெரிக்காவின் கோடக் கம்பெனியோடு அவருக்கு நெருங்கிய தொழில் தொடர்பு உண்டு. கோடீஸ்வரர் அல்ல. ரூர் பிரதேசத்து உருக்கு மன்னர்களின் வரவேற்பறையில் நாற்காலி கிடைக்கக் கூடிய ஆளும் அல்ல. நடுத்தர முதலாளி, அவ்வளவுதான்.

1927-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அப்போது அது சிறிய கட்சி. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் அதற்கு மூன்று சதவிகித ஓட்டுக்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் 1929-ல் வந்த உலகப் பொருளாதார நெருக்கடி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதோர் அறுபது லட்சம் பேர். கடை வைத்திருந்தவன் கடையை மூடினான். விவசாயியின் நிலம் ஏலத்துக்கு வந்தது. இந்த ஜனங்களின் கோபத்தைத்தான் ஹிட்லர் வாரிக்கொண்டார். அதே 1932 ஜூலையில் அவர் கட்சிக்கு 37 சதவிகித ஓட்டும் 230 ஸ்தானங்களும் கிடைத்தன.

இரண்டு நாக்கு

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. நாஜிக் கட்சிக்கு 1920-லேயே எழுதப்பட்ட 25 அம்சத் திட்டம் ஒன்று இருந்தது. வட்டி அடிமைத்தனத்தை ஒழிப்போம், டிரஸ்டுகளைத் தேசியமயமாக்குவோம், பெரிய தொழில்களின் லாபத்தில் பங்கு கொடுப்போம், பெரிய பல்பொருள் கடைகளை எடுத்துச் சிறு வியாபாரிகளுக்குக் குறைந்த வாடகைக்கு விடுவோம் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தார்கள். கட்சியின் பெயரிலேயே ‘சோஷலிஸ்ட்’ என்ற சொல்லும் ‘தொழிலாளர்’ என்ற சொல்லும் இருந்தன. ஓட்டுக்கு இது உதவியது. ஆனால் பாங்க் முதலாளிக்கும் உருக்கு முதலாளிக்கும் இதைப் படித்தால் வயிற்றைக் கலக்காதா?

நிலப் பறிமுதல் பற்றிய அம்சத்துக்கு ஹிட்லர் 1928-லேயே ஒரு விளக்கம் வெளியிட்டார். தம் கட்சி தனிச்சொத்தை ஏற்கிறது, அந்த அம்சம் யூத நில வியாபாரக் கம்பெனிகளுக்கு மட்டுமே எதிரானது என்றார். ஒரே திட்டம்; ஏழைக்கு ஓர் அர்த்தம், சொத்துக்காரனுக்கு வேறோர் அர்த்தம். இந்த இரண்டாவது அர்த்தத்தைப் பெரிய மனிதர்களின் வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கூச்சல் போடாத ஆள், கோட்டும் டையும் அணிந்த ஆள், கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும். கெப்லர் அதற்குப் பொருத்தமாக இருந்தார்.

1932-ல் ஹிட்லர் தம் பொருளாதார ஆலோசகரான கெப்லரிடம் ஒரு வேலை கொடுத்தார். நாம் ஆட்சிக்கு வரும்போது நமக்குப் பயன்படக் கூடிய தொழில், பாங்க் பிரமுகர்களைத் திரட்டு என்பதே அந்த வேலை. கெப்லர் ஒரு வட்டத்தை அமைத்தார். ‘கெப்லர் வட்டம்’ என்றே அதற்குப் பெயர். ரீஷ்பாங்கின் முன்னாள் தலைவர் ஷாக்ட், கொலோன் நகரத்து பாங்கர் குர்ட் வான் ஷ்ரோடர், பொட்டாஷ் தொழில் முதலாளி ரோஸ்டர்க், உருக்கு டிரஸ்டின் தலைமை நிர்வாகி வோக்லர், ஃப்ளிக் கம்பெனியைச் சேர்ந்த ஸ்டைன்பிரிங்க், காமர்ஸ் பாங்கின் ரைன்ஹார்ட் முதலியோர் அதில் இடம் பெற்றனர். 1932 மே மாதம் பெர்லினில் கைசர்ஹோப் ஹோட்டலில் ஹிட்லரே அவர்களைச் சந்தித்துப் பேசினார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஜெர்மனியின் எல்லா முதலாளிகளும் ஆரம்பத்திலிருந்தே ஹிட்லருக்குப் பணத்தைக் கொட்டினார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது உண்மை அல்ல. தைசன் போன்ற சிலர் முன்பே கொடுத்தார்கள். ஆனால் பெரும்பாலான பெரிய முதலாளிகள் 1932 கடைசி வரையில் வான் பேப்பனையும் பழைய வலதுசாரிக் கட்சிகளையுமே நம்பினார்கள். நாம் மிகைப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை. நடந்த உண்மையே போதுமான அளவுக்குக் கொடியது. மிகைப்படுத்தினால் எதிரிதான் லாபம் அடைவான்.

தோற்றுக்கொண்டிருந்தவனைத் தூக்கிவிட்டவர்கள்

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். இந்த உரையில் நீங்கள் மறக்கக் கூடாத பகுதி இதுதான்.

1932 நவம்பர் 6-ஆம் தேதி ஜெர்மனியில் மறுபடியும் தேர்தல் நடந்தது. ஹிட்லர் கட்சி இருபது லட்சம் ஓட்டுகளை இழந்தது. 230 ஸ்தானங்கள் 196 ஆகக் குறைந்தன. கட்சி கடனில் மூழ்கிக் கிடந்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 100 ஸ்தானங்கள் கிடைத்தன. ஏறக்குறைய அறுபது லட்சம் ஜனங்கள் அதற்கு ஓட்டளித்தார்கள். சோஷல் டெமாக்ரட்டுகளுக்கு 121 ஸ்தானங்கள். அலை வடியத் தொடங்கிவிட்டது. ‘நாஜிகளின் காலம் முடிந்தது’ என்று பலர் நம்பினார்கள்.

அந்த நேரத்தில்தான் தரகர் சுறுசுறுப்பானார். நவம்பர் 19-ஆம் தேதி ஜனாதிபதி ஹிண்டன்பர்க்குக்கு ஒரு மனு போயிற்று. மிகப் பெரிய தேசியக் கட்சியின் தலைவரிடம் ஆட்சிப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கையொப்பமிட்டவர்கள் சுமார் இருபது பேர். ஷாக்ட், ஷ்ரோடர், தைசன், ரோஸ்டர்க், ரைன்ஹார்ட் ஆகியோர் அதில் அடக்கம். பெரும் நிலப்பிரபுக்களின் சங்கத் தலைவர் கால்க்ராய்த் பிரபுவும் கையொப்பமிட்டார். குரூப் கையொப்பமிடவில்லை. ஹிண்டன்பர்க் அப்போதைக்கு இணங்கவில்லை. ஆனால் கதவு தட்டப்பட்டுவிட்டது.

டிசம்பர் முழுவதும் கெப்லருக்கும் ஷ்ரோடருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. பதவியிழந்த பேப்பனுக்கும் ஹிட்லருக்கும் தீராத மனக்கசப்பு. இருவரையும் சேர்த்துவைக்க வேண்டும். எங்கே, எப்போது, யார் கண்ணிலும் படாமல் எப்படி என்றெல்லாம் யோசித்தார்கள். கடைசியில் 1933 ஜனவரி 4-ஆம் தேதி கொலோனில் ஷ்ரோடரின் சொந்த வீட்டில் சந்திப்பு நடந்தது. உள்ளறையில் ஹிட்லர், பேப்பன், ஷ்ரோடர் ஆகிய மூவர். வெளியறையில் ஹெஸ், ஹிம்லர், கெப்லர் ஆகிய மூவர். தரகர் துண்டைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசின. ரகசியம் நிலைக்கவில்லை, மறுநாளே பெர்லின் பத்திரிகை ஒன்று சேதியை அம்பலப்படுத்தியது. ஆனால் காரியம் முடிந்துவிட்டது. அதற்கு 26 நாள் கழித்து, ஜனவரி 30-ஆம் தேதி, ஹிட்லர் சான்ஸலர் ஆனார். பேப்பன் துணைச் சான்ஸலர்.

யுத்தத்துக்குப் பிறகு ஷ்ரோடரே வாக்குமூலம் கொடுத்தார். சந்திப்புக்கு முன் தொழில் பிரமுகர்களிடம் பொதுவாகக் கலந்து பேசியதாகவும், போல்ஷவிசம் வந்துவிடுமோ என்ற பயமே அவர்களை ஒன்றுசேர்த்தது என்றும் சொன்னார்.

ஆகவே இளம் தோழரின் கேள்விக்கு முதல் பதில் இதோ: ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்கவில்லை, ஆட்சி அவர் கையில் கொடுக்கப்பட்டது. அவர் ஓட்டில் உயர்ந்துகொண்டிருந்தபோது அல்ல, இறங்கிக்கொண்டிருந்தபோது கொடுக்கப்பட்டது.

இரண்டாவது பதிலும் உண்டு. அதைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். 121-ம் 100-ம் எவ்வளவு? 221. நாஜிகளுக்கோ 196. இரண்டு தொழிலாளர் கட்சிகளும் ஒன்றாக நின்றிருந்தால் தெருவிலும் தொழிற்சாலையிலும் அவர்களுக்கு இருந்த பலத்தைக் கெப்லர்களால் அசைத்திருக்க முடியுமா? ஆனால் அவை ஒன்றாக நிற்கவில்லை. சோஷல் டெமாக்ரட் தலைவர்கள் சட்டத்தையும் ஹிண்டன்பர்க்கையும் நம்பிக் காத்திருந்தார்கள். கம்யூனிஸ்டுகள் அவர்களை ‘சோஷல் பாசிஸ்டுகள்’ என்று திட்டி, அவர்களைப் பிரதான எதிரியாகவே கருதினார்கள். அது பெரும் தவறு. 1935-ல் கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஏழாவது காங்கிரசில் டிமிட்ரோவ் ஐக்கிய முன்னணிக் கொள்கையை முன்வைத்தபோது அந்தப் பாதை கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் ஜெர்மன் தோழர்கள் ஆயிரக்கணக்கில் சித்திரவதை முகாம்களில் கிடந்தார்கள். முதலாளிகளுக்கு ஒரு தரகர் கிடைத்தார். தொழிலாளர்களை ஒன்றுசேர்க்க யாரும் கிடைக்கவில்லை.

விலை கொடுக்கப்பட்டது

1933 பிப்ரவரி 20-ஆம் தேதி கோயரிங்கின் மாளிகையில் சுமார் 25 தொழிலதிபர்கள் கூடினார்கள். இம்முறை குரூப்பும் வந்திருந்தார். ஜனநாயகம் இருக்கும் வரை தனியார் தொழில் நிலைக்காது என்று ஹிட்லர் அவர்களிடம் சொன்னார். வரப்போகிற தேர்தல் பத்து ஆண்டுகளுக்குக் கடைசித் தேர்தல், ஒருவேளை நூறு ஆண்டுகளுக்கே கடைசி என்றார் கோயரிங். பிறகு ஷாக்ட் வசூலைத் தொடங்கினார். சேர்ந்த தொகை 30 லட்சம் மார்க். ஐ.ஜி. ஃபார்பன் ரசாயன டிரஸ்ட் மட்டும் நான்கு லட்சம் கொடுத்தது. நவம்பரில் ஒதுங்கி நின்ற பெரிய முதலாளிகள் பிப்ரவரியில் வரிசையில் நின்றார்கள்.

மே 2-ஆம் தேதி தொழிற்சங்க அலுவலகங்கள் எல்லாம் கைப்பற்றப்பட்டன. சங்க நிதி பறிமுதல் செய்யப்பட்டது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். வேலை நிறுத்த உரிமை ஒழிந்தது. சம்பள விகிதங்கள் நெருக்கடிக் காலத்தின் அடிமட்டத்திலேயே கட்டி நிறுத்தப்பட்டன. முதலாளிகள் கொடுத்த 30 லட்சத்துக்குக் கிடைத்த சரக்கு இது.

அந்த 25 அம்சங்கள் என்ன ஆயின? அதே ஆண்டு ஜூன் மாதம், கட்சியின் பொருளாதாரப் பிரிவில் முக்கியமாக இருந்த ஒட்டோ வாக்னர் என்பவர் மந்திரி பதவிக்கு ஆசைப்பட்டார். அவரைத் தூக்கி எறிந்தார்கள். பொருளாதார மந்திரியாக வந்தவர் அலியான்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தலைவர் குர்ட் ஷ்மிட். ஜூலையில் கெப்லர் சான்ஸலரின் காரியாலயத்தில் ஹிட்லரின் பொருளாதாரப் பிரதிநிதியாக உட்கார்ந்தார்.

பல்பொருள் கடைகளைப் பிடுங்கித் தருவார்கள் என்று நம்பி ஓட்டளித்த சிறு வியாபாரிக்கு என்ன கிடைத்தது? 1933 கோடையில் ஹெர்மன் டீட்ஸ் என்ற மிகப் பெரிய கடை நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்தது. அதற்குக் கடன் கொடுத்துக் காப்பாற்ற ஹிட்லரே சம்மதித்தார். பாங்க்குகளின் பணம் அதில் சிக்கியிருந்தது! பிறகு அந்தக் கடையின் யூத உரிமையாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கடை பெரிய கடையாகவே இருந்தது. முதலாளி மட்டும் மாறினார். யூத வெறுப்பு எதற்குப் பயன்பட்டது பாருங்கள். ஏழை வியாபாரியின் கோபத்தை அவன் பக்கத்து வீட்டுக்காரன் மேல் திருப்பிவிட்டார்கள். சொத்தை மட்டும் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆற்றைக் கடந்த பிறகு

‘ஆற்றைக் கடக்கும் வரையில் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ’ என்பார்கள். விலை பேசி முடிந்த பிறகு தரகருக்குச் சந்தையில் என்ன வேலை? 1934-ல் ஷாக்ட் பொருளாதார மந்திரியானார். பெரிய முதலாளிகளுக்கு இப்போது ஹிட்லரிடம் போக நேர் வழி இருந்தது. எபர்பாக் ஜெலட்டின் தொழிற்சாலைக்காரரின் சிபாரிசு தேவைப்படவில்லை. கெப்லர் உள்நாட்டு மூலப்பொருள்களைக் கவனிக்கும் ஒரு சிறு காரியாலயத்தை நடத்தினார். இறக்குமதி இல்லாமல் யுத்தம் நடத்துவதற்கு நிலக்கரியிலிருந்து பெட்ரோல், மட்டமான இரும்புத் தாதிலிருந்து உருக்கு ஆகியவற்றைச் செய்வதெல்லாம் அங்கே திட்டமிடப்பட்டன. ஹான்ஸ் கேர்ல், பால் ப்ளைகர் என்ற இருவர் அங்கே அவர் கீழ் வேலை பார்த்தவர்கள். 1936-ல் நான்காண்டுத் திட்டம் என்று கோயரிங் தொடங்கியபோது அந்தக் காரியாலயத்தையும் விழுங்கிவிட்டார். பின்னாளில் கேர்லும் ப்ளைகரும் தம் பழைய மேலதிகாரியைவிடப் பெரிய ஆட்களானார்கள்.

அவர் அமைத்த வட்டமும் அவர் கையை விட்டுப் போயிற்று. அது ‘ஹிம்லரின் நண்பர்கள் வட்டம்’ ஆயிற்று. கெப்லரின் உறவினர் கிரானெஃபுஸ் அதன் காரியங்களைக் கவனித்தார். 1936 வாக்கில் ஹிம்லர் இந்தப் பிரமுகர்களை டாஹாவ் சித்திரவதை முகாமுக்கு அழைத்துச் சென்று சுற்றிக் காட்டினார். அதைப் பார்த்த பிறகும் அவர்கள் பணம் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஷ்ரோடரின் கொலோன் பாங்கில் எஸ்.எஸ். படைக்கென்று ஒரு தனிக் கணக்கு இருந்தது. அதில் ஆண்டுதோறும் சுமார் பத்து லட்சம் மார்க் சேர்ந்தது. ஃப்ளிக் கம்பெனியின் பங்கு ஆண்டுக்கு ஒரு லட்சம்.

ஒரு டெலிபோன் பேச்சு

கெப்லரை முழுக்க ஒதுக்கிவிடவும் இல்லை. பிற நாட்டை விழுங்குவதற்கு முன் அங்கே போய்க் காரியம் முடிக்க அவரைப் போன்ற அமைதியான ஆள் தேவைப்பட்டார்.

1938 மார்ச் 11-ஆம் தேதி இரவு கெப்லர் வியன்னாவில் இருந்தார். ஆஸ்திரியாவுக்குள் நுழையும்படி ராணுவத்துக்கு ஹிட்லர் உத்தரவிட்டது இரவு 8 மணி 45 நிமிஷத்துக்கு. மூன்று நிமிஷம் கழித்து பெர்லினிலிருந்து கோயரிங் டெலிபோனில் கெப்லரை அழைத்து ஒரு தந்தி வாசகத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். ‘நாட்டில் அமைதியை நிலைநாட்ட ஜெர்மன் படைகளை அனுப்புங்கள்’ என்று ஆஸ்திரிய சர்க்காரே கெஞ்சுவது போன்ற வாசகம் அது. நாஜி ஆள் செய்ஸ்-இன்குவார்ட் அந்தத் தந்தியை அனுப்பக்கூட வேண்டாம், சம்மதம் என்று சொன்னால் போதும் என்றார் கோயரிங். சுமார் ஒரு மணி நேரத்தில் சம்மதம் என்ற பதில் கெப்லர் வாயிலிருந்தே பெர்லினுக்குப் போயிற்று. ஒரு தேசத்தின் சுதந்திரம் இப்படி முடிந்தது. உத்தரவு முதலில், வேண்டுகோள் பிறகு! இந்தப் பேச்சையெல்லாம் கோயரிங்கின் சொந்த ஒட்டுக்கேட்கும் இலாகாவே எழுதிவைத்திருந்தது. நூரம்பர்க் விசாரணையில் அந்தக் காகிதம் வாசிக்கப்பட்டது.

பிறகு சில மாதம் கெப்லர் ஆஸ்திரியாவில் ரீஷ் கமிஷனர். ஆஸ்திரிய தேசிய பாங்கில் இருந்த சுமார் 78 டன் தங்கம் பெர்லினுக்குப் போயிற்று. இரும்புச் சுரங்கங்கள் கோயரிங் பெயரிலுள்ள தொழில் நிறுவனத்துக்குப் போயின. அதே ஆண்டு கெப்லர் வெளிநாட்டு இலாகாவில் ராஜாங்கச் செயலர் ஆனார். 1939 மார்ச்சில் பிராட்டிஸ்லாவாவுக்குப் போனார். ஸ்லோவாக்கியா பிரிந்து போவதாக அறிவிக்கும்படி அங்குள்ள தலைவர்களை நிர்ப்பந்தித்தவர்களில் அவரும் ஒருவர். 14-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. 15-ஆம் தேதி ஜெர்மன் ராணுவம் பிராக் நகரத்தில் இருந்தது.

யுத்தம் தொடங்கியதும் அவருக்கு இன்னொரு வேலை கிடைத்தது. பால்டிக் நாடுகளிலிருந்தும் கிழக்குப் பிரதேசங்களிலிருந்தும் ஜெர்மன் வம்சத்தாரை அழைத்து வந்து குடியேற்ற ஒரு சொத்துப் பொறுப்புக் கம்பெனி அமைக்கப்பட்டது. கெப்லர் அதன் மேற்பார்வைச் சபைத் தலைவர். வந்தவர் விட்டுவந்த சொத்துக்கு ஈடாக வீடு, நிலம், கடை கொடுக்க வேண்டும். எங்கிருந்து கொடுப்பது? மேற்குப் போலந்தில் போலிஷ் விவசாயியையும் யூதக் கடைக்காரனையும் துரத்திவிட்டு, அவன் வீட்டை எடுத்துக் கொடுத்தார்கள். வரவுப் பக்கத்தில் ஒரு வீடு என்று பதியப்படும். அந்த வீட்டில் நேற்று வரை இருந்த குடும்பம் எங்கே போயிற்று என்பதற்கு அந்தக் கணக்கில் பத்தி கிடையாது. கெப்லர் துப்பாக்கி பிடித்தவர் அல்ல; அவர் கையெழுத்துப் போட்டார். 1942-ல் அவருக்கு எஸ்.எஸ். படையில் ஜெனரலுக்குச் சமமான பட்டம் கிடைத்தது.

இந்தியாவின் பைலும் அவரிடமே

இந்தக் கதைக்கு நம் நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. 1941 ஏப்ரலில் சுபாஷ் சந்திர போஸ் காபூல், மாஸ்கோ வழியாக பெர்லின் வந்து சேர்ந்தார். ஜெர்மன் வெளிநாட்டு இலாகாவில் இந்தியாவுக்கென ஒரு தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. அதன் மேல் அதிகாரி இதே கெப்லர்தான். அன்றாட வேலையைப் பார்த்தவர் ஆடம் வான் ட்ராட் என்ற இளம் அதிகாரி.

போஸின் தேசபக்தியை நாம் சந்தேகிக்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியை வீழ்த்த எந்தக் கதவு திறந்தாலும் தட்ட வேண்டும் என்று அவர் நினைத்தார். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது யார்? இந்தியா வேறு யார் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் கையில் இருப்பதையே விரும்புவதாகத் தன் புத்தகத்திலேயே எழுதியவர் ஹிட்லர். இந்திய சுதந்திரத்தை ஆதரித்துப் பகிரங்கப் பிரகடனம் செய்யும்படி போஸ் திரும்பத் திரும்பக் கேட்டார். 1942 மே மாதம் ஹிட்லரை நேரில் சந்தித்தபோதும் அது கிடைக்கவில்லை. 1943 பிப்ரவரியில் அவர் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கு ஆசியாவுக்குப் புறப்பட்டார். பெர்லினில் அவர் வேலையைத் தொடர்ந்தவர் தலச்சேரிக்காரரான ஏ.சி.என். நம்பியார். அவரையே 1933-ல் ரீஷ்ஸ்டாக் கட்டடம் எரிந்தபோது நாஜிகள் கைது செய்து நாட்டை விட்டு விரட்டியிருந்தார்கள். ஆடம் வான் ட்ராட்? அவர் உள்ளுக்குள் ஹிட்லரின் எதிரி. 1944 ஜூலைச் சதியில் சம்பந்தப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். ஒரே காரியாலயம், கீழே இருந்தவர் உயிரைக் கொடுத்தார், மேலே இருந்தவர் கடைசி வரை பைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பும் விடுதலையும்

யுத்தம் முடிந்த பிறகு நூரம்பர்க்கில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று மந்திரி இலாகா அதிகாரிகள் 21 பேரை விசாரித்தது. கெப்லரும் அவர்களில் ஒருவர். 1949 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கெப்லருக்குப் பத்தாண்டுச் சிறை.

பத்தாண்டு இருந்தாரா? இல்லை. அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் இடையே பனிப்போர் முற்றியது. கொரியாவில் யுத்தம் வெடித்தது. மேற்கு ஜெர்மனியைத் தன் பக்கம் ஆயுதம் தரிக்கச் செய்ய அமெரிக்கா விரும்பியது. 1951 ஜனவரி கடைசியில் அமெரிக்க ஹைகமிஷனர் மெக்ளாய் தண்டனைகளைக் குறைத்தார். பிப்ரவரி முதல் வாரத்தில் லாண்ட்ஸ்பர்க் சிறைக் கதவு திறந்தது. கெப்லர் வெளியே வந்தார். அதே வாரத்தில் குரூப்பின் மகன் ஆல்பிரெடும் வெளியே வந்தார், சொத்தும் திரும்பக் கிடைத்தது. வட்டத்தின் மற்றவர்கள்? ஷாக்ட் 1946-லேயே விடுதலை. பிறகு பாங்க் தொடங்கினார். தம் வீட்டை ரகசியச் சந்திப்புக்குக் கொடுத்த ஷ்ரோடருக்கு ஜெர்மன் நீதிமன்றம் கொடுத்தது மூன்று மாதச் சிறை. ஃப்ளிக்குக்கு ஏழாண்டு; 1950-லேயே வெளியே வந்து மறுபடியும் ஜெர்மனியின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவரானார். கெப்லர் 1960 ஜூன் மாதம் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் என்ற ஊரில், 77-ஆவது வயதில் இயற்கையாகச் செத்தார்.

தோழர்களே! கெப்லரின் வாழ்க்கையிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்? வெறியன் ஒருவனால் மட்டும் ஒரு நாட்டை நாசமாக்க முடியாது. அவன் கத்துவான், கூட்டம் சேரும், பிறகு கலையும். அந்தக் கூட்டம் கலைகிற நேரத்தில் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிடுகிறவர்கள் வேண்டும். அவர்கள் கத்த மாட்டார்கள். நல்ல உடை உடுத்தியிருப்பார்கள். ‘நாட்டின் ஸ்திரத்தன்மைக்காக’ என்று பேசுவார்கள். யாரையும் கையால் தொட்டு அடிக்க மாட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

ஆகையால் எந்த நாட்டின் வரலாற்றைப் படித்தாலும் மேடையில் நிற்பவன் என்ன பேசினான் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மேடைக்குப் பின்னால் யார் யாரைச் சந்தித்தார்கள், எந்த வீட்டில் சந்தித்தார்கள், பணம் எந்தப் பாங்கில் போய்ச் சேர்ந்தது, சங்க அலுவலகத்தின் கதவை எந்தத் தேதியில் பூட்டினார்கள் என்று தேடுங்கள். ஜனவரி 4-ம் மே 2-ம் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பது அப்போது விளங்கும்.

221-ஐயும் 196-ஐயும் மறக்காதீர்கள். அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஜெர்மன் தொழிலாளியின் தலைவிதி கிடந்தது. கெப்லர்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் மட்டும் ஜெயிக்கவில்லை. நம்மவர்கள் பிரிந்து நின்றதாலும் ஜெயித்தார்கள்.

இளம் தோழரின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.